கோபன்ஹேகனில் நான் குழந்தை கடத்தியதாகச் சொல்லப்படும் விஷயம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்தேன். மூன்று நோட்டு வாங்கினேன். முதல் நோட்டில் என் சம்சாரம் மார்கழிக் கோலம் போட்டுப் பழகினாள். இரண்டாவதில் பேரன் யானை வரைந்தான். அது யானை என்று அவன்தான் சொன்னான், நாங்கள் ஒப்புக்கொண்டோம். இது மூன்றாவது நோட்டு. ஆனால் நோட்டைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. இந்தக் கதையைச் சொன்னால் என் மகள் பட்ட துக்கம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அவள் கேட்காமல் அதை நான் எழுதக் கூடாது என்றிருந்தேன். போன மாதம் அவளே போன் போட்டாள்.

"எல்லாத்தையும் எழுதிடுப்பா. மாமா ஊர் முழுக்க வேற மாதிரி சொல்லிகினு கீறாராம்."

மாமா என்றால் என் மச்சான், சம்சாரத்தின் தம்பி. அணுபுரத்தில் குடியிருக்கிறான். நான் வெளிநாடு போய்க் குழந்தை கடத்தினேன் என்ற நற்செய்தியை நாட்டுக்கு அறிவித்த புண்ணியவான் அவன்தான். அவன் வாயிலிருந்து கிளம்பும்போது போலீஸ் என்னை அரை மணி நேரம் விசாரித்தது. அச்சரப்பாக்கம் வந்து சேர்வதற்குள் இரண்டு நாள் லாக்கப் ஆகிவிட்டது. கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் என்னிடமே கேட்டார்: "அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருத்தர், கண்டக்டராம். பனியில மூணு மாசம் உள்ள இருந்தாராமே, தெரியுமா?" பாவம், குளிருமே என்று நானும் வருத்தப்பட்டுவிட்டு மோர் வாங்கிக்கொண்டேன்.

கண்டக்டர் என்பது மட்டும் உண்மை. பத்தாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில், பெரும்பாலும் செங்கல்பட்டு மாமல்லபுரம் தடத்தில், விசில் ஊதிப் பிழைத்தேன். ரிட்டையர் ஆன பிறகும் அந்த விசில் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. பஸ்ஸில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துணையில்லாமல் ஒரு குழந்தை சீட்டில் இருந்தால், "யாரு புள்ள இது?" என்று கேட்பேன். பதில் வரும்வரை டபுள் விசில் கொடுக்கமாட்டேன். டிரைவர் முறைத்தாலும் சரி, நிற்கிற ஜனம் என் வம்சத்தையே விசாரித்தாலும் சரி, வண்டி நகராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி துக்கம். என் மகளுக்குக் கல்யாணமான பிறகு இரண்டு தடவை கர்ப்பம் தங்கவில்லை. இரண்டாவது தடவை ஐந்து மாதம். அப்போது ஊருக்கு வந்திருந்தாள், செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வார்டு வாசல்வரை போனேன். உள்ளே போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "டியூட்டி இருக்குது" என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். டியூட்டிக்கும் போகவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக இறங்கினால் எங்கள் குலதெய்வம் பொன்னியம்மன் கோயில். அங்கே வேப்பமரத்தில் ஒரு மஞ்சள் துணியை முடிந்துவிட்டுச் சொன்னேன்: "தாயே, அவ மடியில ஒரு புள்ளையக் குடு. அதோட முதல் முடி உனக்கு. ஒரு வயசு முடியறதுக்குள்ள கொண்டாந்து எறக்கறேன். அதுவரைக்கும் நான் காப்பி தொடமாட்டேன்."

காப்பியை விடுவதெல்லாம் ஒரு தியாகமா என்று கேட்பவர்கள், விடியற்காலை நாலரை மணி முதல் டிரிப் அடித்தவர்களாக இருக்க முடியாது.

வேண்டிக்கொண்ட வேகத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். பிள்ளையின் முதல் முடி தகப்பன் வீட்டுக் குலதெய்வத்துக்குத்தான் சேரவேண்டும். மாப்பிள்ளை வீட்டுச் சாமி திண்டிவனம் பக்கத்தில் இருக்கிறது. அவருக்குப் போகவேண்டியதை நான் என் வீட்டு அம்மனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறவர்களை ஆயுசு பூராவும் திட்டியவன், சாமி விஷயத்தில் நானே துண்டு போட்டிருந்தேன்.

எப்படி வெளியே சொல்வது? சம்சாரத்துக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் காப்பி கொடுத்தால் பித்தம் என்றேன். மூன்று வருஷம் எனக்குப் பித்தம்.

அம்மன் கண் திறந்தாள். தை மாதக் கடைசியில் பேரன் பிறந்தான். அவன் பிறந்தது கோபன்ஹேகன் என்ற ஊரில், டென்மார்க் தேசத்தில். மகளும் மாப்பிள்ளையும் வேலை பார்ப்பது அங்கே. பேரனுக்குப் பத்தாவது மாதம் நடக்கும்போது, கார்த்திகை முடிவில், எங்களுக்கு டிக்கெட் வந்தது. பனி பார்க்கப் போகிறீர்களா என்று ஊரே கேட்டது. நான் போனது, வரும் தை முடிவதற்குள் பிள்ளையை ஊருக்குக் கூட்டிவரச் சொல்லி மாப்பிள்ளையிடம் கேட்பதற்கு. வேறு எதற்கும் இல்லை.

போன இடத்தின் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே மார்கழியில் சூரிய பகவான் காலை எட்டரைக்குமேல்தான் டியூட்டிக்கு வருகிறார். மாலை மூன்றரைக்கு இறங்கிவிடுகிறார். இடையில் உள்ள நேரத்திலும் பாதி மேகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மேலே புகார் கொடுக்க ஆளில்லை. நான் ஆறு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, கிழக்கு ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு காகித நட்சத்திரம் உள்ளே பல்பு எரிய மினுக்கிக்கொண்டிருக்கும். இதையாவது ஏற்றுக்கொள் என்று அதையே கும்பிட்டேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர் எனக்குக் கையசைத்தார்.

வீட்டில் கரண்ட் இருக்கும்போதே எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு என் சம்சாரம், "இங்கயும் கரண்ட் கட்டா?" என்று பரிதாபப்பட்டாள். ரயிலில் பேசக்கூடாத பெட்டி என்று தனியாக ஒன்று. மற்ற பெட்டிகளில் பேசலாமாம், ஆனால் யாரும் பேசுவதில்லை. நம்முடைய லோக்கல் ட்ரெயினில் செங்கல்பட்டில் ஏறினால் கூடுவாஞ்சேரி வருவதற்குள் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினையே நமக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

அந்தக் கூடுவாஞ்சேரிதான் என் மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர். எலெக்ட்ரிக் ட்ரெயின் படியில் தொங்கிப் படித்தவர். ஏழு வருஷத்தில் டென்மார்க்காரர்களுக்கே டென்மார்க்கைப் பற்றிச் சொல்லித்தரும் அளவுக்குத் தேறியிருந்தார்.

"குளிருன்னு நெனச்சாத்தான் மாமா குளிரு."

"நான் நெனைக்கல மாப்ள. காதுதான் நெனைக்குது."

பேரனுக்கு முடி கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. ஜனவரியில் அவனைப் பகல்நேரக் காப்பகத்தில் சேர்க்க இடம் கிடைத்திருந்தது. மகளுக்கு லீவு முடியப் போகிறது. "சேக்கறதுக்கு முன்னாடி இந்த முடியைக் கொஞ்சம் வெட்டி விட்டுடலாம்" என்று மாப்பிள்ளை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். "மொட்டை, காது குத்து எல்லாம் அடுத்த வருஷம் ஊருக்கு வரும்போது பாத்துக்கலாம் மாமா."

அம்மனுக்கு நேர்ந்த முதல் முடி குப்பைக்குப் போகப் பார்த்தது. அன்று மாலையே அந்த வீட்டிலிருந்த ஒரே கத்தரிக்கோல் எங்கள் சூட்கேஸில் அப்பளக் கட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. எப்படிப் போனது என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் இருப்பார், அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். வெள்ளிக்கிழமையே நான் புகழடைந்துவிட்டேன்.

அன்று காலை மகள் எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். பேரன் அவள் மார்பில் கட்டிய பையில். பனி பொரி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஒரு காப்பிக்கடை வந்ததும் அவளும் சம்சாரமும் உள்ளே போனார்கள். நான் வரவில்லை என்றேன். அந்த வாசனையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நேர்த்திக்கடன் மூக்கு வழியாகவே முறிந்துவிடும். "வெளிய காத்தாட நிக்கறேன்" என்றேன். மைனஸ் மூன்று டிகிரி. மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கடைச் சுவரை ஒட்டி நாலு தள்ளுவண்டிகள் சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி வரிசையாக நின்றன. சாமான் வண்டி என்று நினைத்தேன். ஒன்றிலிருந்து முனகல் கேட்டது. குனிந்து பார்த்தால் உள்ளே குழந்தை. நம்ம பேரன் வயசுதான் இருக்கும். கண் திறந்திருந்தது. வண்டியின் மூடாக்கில் பனி கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை.

இந்த இடத்துக்கு வரும்போது கேட்கிறவர்கள் எல்லோரும், "அங்கல்லாம் புள்ளைங்கள வெளியதான் தூங்க வெப்பாங்க, அது வழக்கம்தானே" என்கிறார்கள். இப்போது செல்போனில் பார்த்து எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எனக்கு அன்று தெரியாது.

"யாரு புள்ளம்மா இது?" என்றேன். சத்தமாகத்தான். ஒரு சைக்கிள்காரர் தாண்டிப் போனார். "யாரு புள்ள?" என்று இன்னொரு தரம் கேட்டேன். பதில் இல்லை. சாவிக்கொத்தை எடுத்து விசில் ஊதினேன். ஹாரன் சத்தம்கூடக் கேட்காத அந்தத் தெருவில் அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சாரியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைக் கதவு கனத்த கண்ணாடி, உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை.

காற்று ஏறியது. குழந்தை முகம் சுளித்தது. செங்கல்பட்டு பஜாரில் வாங்கிய என் குரங்குக் குல்லாவைக் கழற்றி அதன் தலையில் மாட்டினேன். குல்லாவுக்குள் முகமே காணாமல் போய், மூக்கு மட்டும் தெரிந்தது. சிரித்தது. கடைக்குள் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் வாசலில் மூன்று படி. அடுத்த கட்டடம் ஒரு தேவாலயம், அதற்கு ஆழமான வாசல் மண்டபம், காற்று அடிக்காது. பிரேக்கை எடுத்துவிட்டு வண்டியை அங்கே தள்ளிப் போனேன். முப்பது அடி இருக்கும். காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "உங்கம்மா வருவாடா கண்ணு, எங்கயும் போயிருக்கமாட்டா" என்று சொல்லி, எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டு அம்மன் தாலாட்டு, அதை முனகிக்கொண்டிருந்தேன். தேவாலய வாசலில் அம்மன் தாலாட்டு. மாதா ஒன்றும் தப்பாக நினைத்திருக்கமாட்டாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு பெண் கத்தினாள்.

அந்த ஊருக்கு வந்து நான் கேட்ட முதல் சத்தமான குரல் அதுதான். பஸ் ஸ்டாண்டில் திருவிழா நாள் கூட்டத்தில் பிள்ளையைக் காணாமல் கத்துகிற அம்மாக்களை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதே குரல். எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் கோட்டுகூடப் போடாமல் பனியில் நின்று அந்த மூன்று வண்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குழந்தைக்கு ஆள் இல்லாமல் போகவில்லை, நான்தான் இல்லாமல் பண்ணியிருக்கிறேன்.

"இங்கம்மா! இங்க!" என்று கையைத் தூக்கினேன். அவள் ஓடிவந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். அதற்குள் யாரோ போன் செய்திருந்தார்கள். போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் பெண், என்னைவிட ஒரு முழம் உயரம். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை. யார் நீங்கள் என்று கேட்டபோது விசிலை எடுத்துக் காட்டினேன். அது அத்தாட்சி என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடையிலிருந்து ஓடிவந்த என் மகள் அவர்கள் பாஷையில் கெஞ்சினாள். அந்தப் பெண்ணிடம் கெஞ்சினாள். தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். மகள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. விசாரணை பத்து நிமிஷம். லாக்கப் இல்லை. அந்தப் பெண் குழந்தையோடு போய்விட்டாள். என் குல்லாவும் அதன் தலையிலேயே போய்விட்டது.

ரயிலேறி வீட்டுக்குத் திரும்பினோம். அன்றைக்கு ரயில் பூராவும் எங்களுக்குப் பேசாத பெட்டிதான்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள்.

"இன்னாப்பா நெனச்சிகினு பண்ண நீ?"

"பனியில புள்ள கெடந்துதும்மா."

"கெடக்கல, தூங்கிச்சு! இங்க எல்லாப் புள்ளையும் அப்படித்தான் தூங்கும். நம்மளுதும் அப்படித்தான் தூங்கும்."

"இன்னாது?" என்றாள் என் சம்சாரம்.

"ஆமாம்மா. நீங்க வர்ற வரைக்கும் தெனம் மத்தியானம் பால்கனியிலதான் தூங்கினான். நீ வந்தா ஒப்பாரி வெப்பன்னுதான் உள்ள படுக்க வெச்சேன். அதான் ஒரு வாரமா அவனும் தூங்கல, நானும் தூங்கல."

சம்சாரம் அவள் எதிர்பார்ப்பை ஏமாற்றவில்லை. வைத்தாள். அது ஓய்ந்ததும் மகள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் இல்லாதப்ப அவனை வெளிய தூக்கினு போவாதப்பா. அந்தப் பொண்ணு மூஞ்சிய நீ பாக்கல."

பார்த்தேன்.

ஒரு குழந்தையை முப்பது அடி தள்ளியதற்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. இவள் பிள்ளையை ஐயாயிரம் மைல் கொண்டுவா என்று இனி எந்த வாயால் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. நான் வாயைத் திறக்கவில்லை. காதில் வலி, இரண்டு காதிலும் பஞ்சு. குல்லா போன பலன். பேரனை மறுபடியும் பால்கனியில் தூங்க வைத்தார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினான், கன்னம் சிவக்க எழுந்தான். நல்ல வழக்கம்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை.

மாப்பிள்ளை கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார். "எலி தூக்கினு போயிருக்கும் மாப்ள" என்றாள் சம்சாரம்.

"மூணாவது மாடியில எலியா அத்தை?"

"உங்க ஊரு எலி லிப்ட்டுல வரும்."

புதன்கிழமை மகளுக்கு ஒரு செய்தி வந்தது. அந்தக் குழந்தையின் அம்மா அனுப்பியது. குல்லாவைத் துவைத்து வைத்திருக்கிறாளாம். அந்தப் பெரியவர் பனியில் வெறுந்தலையோடு நின்றது கண்ணிலேயே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வரவேண்டுமாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்கள் வீட்டில் பாயசம் மாதிரி ஒன்று செய்வார்களாம். படித்துவிட்டு மகள் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் பஞ்சை எடுத்துவிட்டு இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

போனோம். செருப்பை வாசலில் கழற்றுகிறார்கள், அந்த ஒரு விஷயத்தில் நம் ஆட்கள். அவளும் அவள் புருஷனும் எங்களை உட்கார வைத்தார்கள். என் குல்லா இஸ்திரி போட்டு, நாடா கட்டி, பரிசுப்பொருள் மாதிரி என் கைக்கு வந்தது. பிறகு பாயசம். பாலில் வேகவைத்த சோறு, மேலே பழச்சாறு. சூடாகத் தின்ன வேண்டிய பாயசத்தைப் பிரிட்ஜில் போட்டுத் தண்டித்திருந்தார்கள். மார்கழி ஆயிற்றே, முட்டை உண்டா என்று சம்சாரம் மூன்று தரம் மகளைக் கேட்க வைத்தாள். இல்லை.

மூன்றாவது கரண்டியில் என் பல்லில் ஏதோ கடினமாகப் பட்டது. சோறு தின்கிறவனுக்குச் சோற்றில் கல் புதுசு இல்லை. கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற வீட்டில் கல் கிடந்தது என்று காட்டினால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அவமானம்? ஏற்கெனவே நான் அவளுக்குச் செய்தது போதாதா? இருமுவது மாதிரி இருமி, கைக்குட்டையில் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் தடவை பரிமாறினார்கள். மூன்றாம் தடவையும் பரிமாறினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டியது. "இன்னாம்மா, இந்த ஊர்ல விருந்துன்னா வாந்தி வர்ற வரைக்குமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லப்பா, இதுக்குள்ள ஒரே ஒரு முழுப் பாதாம் போட்டிருக்காங்க. அது யாருக்குக் கெடைக்குதோ அவங்களுக்குப் பரிசு. கெடைக்கற வரைக்கும் சாப்புடணும். அதான் வழக்கம். இன்னும் யாருக்கும் வரல."

நான் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்தேன்.

அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிசு என்று என் கையில் வைத்தார்கள்: பாதாம் மாவில் செய்த ஒரு பன்றிக்குட்டி. மார்கழி மாதம், நெற்றி நிறையத் திருநீறு, கையில் பன்றி. மாமல்லபுரத்துப் பக்கத்து ஆளுக்கு வராகம் புதுசா என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சிரித்து முடித்து அவள் காப்பி கொண்டுவந்தாள். நான் கையால் மறுத்தேன். "அப்பாவுக்குப் பித்தம்" என்று மகள் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். மகள் திரும்பினாள். "காப்பி குடிக்கறதில்லன்னுதான் அன்னிக்குக் கடைக்குள்ள வராம பனியில நின்னாரான்னு கேக்கறாங்க."

என் பொய்யை என் மகள் இன்னொரு பாஷையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூசியது.

"பித்தம் இல்லம்மா. சொல்றேன், அவங்களுக்குச் சொல்லு."

நான் அந்தப் பெண்ணையே பார்த்துப் பேசினேன். அது சுலபமாக இருந்தது. மகள் வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எம்பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தப்ப வார்டு வாசல் வரைக்கும் போனேன்னு சொல்லு."

சொன்னாள்.

"உள்ள போயி அவ மூஞ்சியப் பாக்க தைரியம் வரலன்னு சொல்லு."

கொஞ்சம் நின்று சொன்னாள்.

"டியூட்டின்னு பொய் சொல்லிட்டு எங்க அம்மன்கிட்ட போயி, இவளுக்கு ஒரு புள்ள குடு, அது முதல் முடியக் குடுக்கறேன், அதுவரைக்கும் காப்பி தொடமாட்டேன்னு வேண்டிகினேன்னு சொல்லு."

அதை அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ டியூட்டிக்குப் போவலையா?"

"போவலம்மா."

"நான் மூணு வருஷமா நெனச்சிகினு கீறேன்ப்பா, உனக்கு நான் அங்க கெடந்தது ஒண்ணுமில்ல, பஸ்ஸுதான் பெருசுன்னு."

அந்தப் பெண் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அவள் குழந்தையும் என் பேரனும் தரையில் உட்கார்ந்து கரண்டியால் என் குல்லாவை அடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். பாதி சொல்லும்போதே அந்தப் பெண் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பேசியது மாப்பிள்ளை. "அப்ப கத்தரிக்கோல்?"

"அப்பளத்துக்கு அடியில, மாப்ள."

"எலின்னு சொன்னாங்களே அத்தை."

"எலிதான். முப்பத்தோரு வருஷ சர்வீஸு" என்றாள் என் சம்சாரம்.

அவர் சிரித்தார். "காப்பகத்துல ரெண்டு வாரம் தள்ளிக் கேக்கலாம் மாமா. ஆனா முதல் முடி எங்க சாமிக்குன்னு எங்கப்பா ஒத்தக்கால்ல நிப்பாரே."

துண்டு போட்டவன் என்ன பேசுவது?

சம்சாரம்தான் வழி சொன்னாள். "பூமுடி எடுத்துக்கலாமே மாப்ள? மூணே மூணு கொத்து நறுக்கி எங்க அம்மனுக்கு. மொட்டை உங்க சாமிக்கு." மொட்டை அடிக்காமல் சில கொத்து மட்டும் சாமிக்குக் கொடுப்பதுதான் பூமுடி. மூன்று வருஷமாக என் மண்டையில் உறைக்காதது. மாப்பிள்ளை அங்கிருந்தே அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாராம்: "அந்த மனுசனை முதல்ல காப்பி குடிக்கச் சொல்லு, பாவம்."

தை மாதம் வந்தார்கள். பொன்னியம்மன் கோயிலில் சூரிய பகவான் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் பானை கொதிக்கும்போது பேரனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. மகள் பிளேனில் கொண்டுவந்த தள்ளுவண்டியில் அவனைப் போட்டு, வேப்பமரத்து நிழலில் கடல்காற்றில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "யாரு புள்ளடி இது, அனாதியா வெளிய போட்டுட்டுப் போய்ட்டாளுங்க?" என்று ஒரு அம்மாள் குனிந்து தூக்கப் போனார். நான் விசில் ஊதினேன்.

"தூக்காதீங்கம்மா. தூங்கட்டும். எங்க வூட்டு வழக்கம்."

பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்ற என் மச்சான் வாயைப் பிளந்தான். "இன்னா மாமா, எப்பத்துலர்ந்து?" என்றான். அவனுக்கு அன்று அங்கேயே சொன்ன கதைதான் பிற்பாடு அணுபுரம் வழியாக லாக்கப்பும் மூன்று மாசமும் ஆனது.

மகளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அதனால் பேரன் எழுந்ததும் தாய்மாமன் முறைக்கு மச்சான் மடியிலேயே உட்கார வைத்தோம். மகள் கைப்பையிலிருந்து அந்தக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாரின் ஐட்டமா? நல்லா வெட்டுது" என்றார். மூன்று கொத்து. முதல் கொத்து விழும்போது அம்மன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். மகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அம்மன் மன்னிப்பாள்.

பூஜை முடிந்து மகள் பிளாஸ்கைத் திறந்தாள். டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்து, "குடிப்பா" என்றாள். நான் கடல் பக்கம் திரும்பி நின்று குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். பாதாமைப் போலவே அதையும் நான் சொல்லவில்லை. இரண்டாம் டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். படித்தவர்கள் தெரிந்தவர்களுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள், சொல்லவேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். லாக்கப் சேர்க்கவேண்டாம். முப்பது அடியை மூன்று கிலோமீட்டர் ஆக்கவேண்டாம். அம்மன் மகிமை என்பதற்காக நான் செய்ததைச் சரி என்றும் ஆக்கிவிட வேண்டாம். கோட்டுப் போடாமல் பனியில் நின்று ஒரு தாய் கத்தினாள். அதற்குக் காரணம் நான். கதை எவ்வளவு தூரம் போனாலும் அந்த இடத்தை மட்டும் யாரும் இறக்கிவிடாமல் கூட்டிப் போங்கள்.